கோட்டுக்கு வெளியே நின்றவள்

காயல்பட்டினத்தில் கல்யாண வீட்டுக்குள் கேமரா நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. ஆண்கள் கூடுகிற பந்தலில் ட்ரோன் பறக்கும், வீடியோக்காரர் இரும்புக் கையை நீட்டி எல்லார் தலைக்கு மேலும் ஆட்டுவார், ஒருவரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பெண்கள் இருக்கும் உள்வீட்டுக்கு வந்தால் கதை வேறு. வாசலிலேயே ஓலைக்கூடை ஒன்று இருக்கும். வருகிறவர்கள் செல்போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாப்பிள்ளையின் உம்மாவாக இருந்தாலும் அதே சட்டம்தான். அந்தக் கூடையைத் தாண்டிப் போக அனுமதி பெற்ற கேமரா ஊரில் ஒன்றே ஒன்று. அது ருகையாவுடையது.

ருகையாவுக்கு நாற்பத்தொரு வயது. கணவர் தமீம் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய முதலாளி வயதாகி ஊர் திரும்பியபோது, விட்டுப்போன சாமான்களுக்குள் ஒரு பழைய ஜெர்மன் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவும் அதற்கொரு லென்ஸும் கிடந்தன. லீவில் வந்த தமீம் அதை மனைவியின் மடியில் வைத்து, "விக்கிறியா, வச்சிக்கிடுதியா?" என்று கேட்டார். அவர் எதிர்பார்த்தது முதல் பதிலை. வந்தது இரண்டாவது.

அந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. மேலே ஓரமாக ஒரு சின்னச் சன்னல் இருக்கும். அதில் கண்ணை வைத்தால் எதிரே உள்ளது எல்லாம் தெரியும். நடுவே வெள்ளைக் கோட்டால் ஒரு கட்டம் மிதக்கும். கட்டத்துக்குள் இருப்பது படத்தில் விழும், வெளியே இருப்பது விழாது. அந்த லென்ஸ் இன்னும் விசேஷமானது. அதன் வளையத்தைத் திருப்பினால் இருபத்தெட்டு, முப்பத்தைந்து, ஐம்பது என்று மூன்று இடத்தில் கிளிக், கிளிக் என்று நிற்கும். இருபத்தெட்டில் கூடம் முழுவதும் அடங்கும். ஐம்பதில் ஒரு முகமோ இரண்டு கையோ அடங்கும். வளையம் திரும்பும்போது லென்ஸின் பின்புறத்துப் பித்தளை விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு நெம்புகோலைத் தள்ளும். சன்னலில் தெரியும் கட்டமும் அதற்கேற்ப விரியும், சுருங்கும்.

மற்ற ஊர்களில் இதெல்லாம் கேமரா பைத்தியங்கள் உட்கார்ந்து பேசும் சங்கதி. ருகையாவுக்கு அதுதான் பிழைப்பு. படத்தில் வர விரும்பாத பெண்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் பாதிப்பேர் இருப்பார்கள். கோட்டுக்கு வெளியே நடப்பதும் சன்னலில் தெரிவதால், யாராவது தெரியாமல் நடந்து வந்தால் கட்டத்தைத் தொடுவதற்கு முன்பே அவள் கேமராவை இறக்கிவிடுவாள். சந்தேகப்படுகிறவர்களைக் கூப்பிட்டுச் சன்னலில் பார்க்கவும் வைப்பாள். "கோட்டுக்கு வெளிய நில்லுங்கோ லாத்தா. நீங்க படத்துல வரமாட்டிய. அதுக்கு நான் பொறுப்பு" என்பாள். பன்னிரண்டு வருடத்தில் அந்தச் சொல் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

ஃபிலிம் என்பது இன்னொரு சௌகரியம். வீட்டுப் பின்னறையில் தானே கழுவி, காயவைத்து, நெகட்டிவை உறையிலிட்டுப் பெண்ணின் உம்மா கையில் கொடுத்துவிடுவாள். தன்னிடம் ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளமாட்டாள். தண்ணீர்க்கறை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி, யார் யார் எப்படி நிற்கிறார்கள் என்று நெகட்டிவில் துருவமாட்டாள். அடுத்த வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல அது அவளுக்குக் கூச்சம்.

செல்லக்கனி அவளிடம் வந்து பேசியது போன மார்கழியில், ஒரு கல்யாண வீட்டின் பின்கட்டில். பெண்கள் பக்கத்துக்குப் பலகாரம் சுட ஆறுமுகநேரியிலிருந்து வரும் ஆறுமுகத்தாயின் கூட்டத்தில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். எதைச் சொன்னாலும் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக் கேட்பாள்.

"அக்கா, நான் எந்தப் படத்துலயும் வரக்கூடாது" என்றாள்.

"நீ ஒருத்திதானா? இங்கன பாதிப்பேருக்கு அதே பாட்டுதான்" என்று சிரித்தாள் ருகையா.

செல்லக்கனி சிரிக்கவில்லை. "அவுகளுக்கு அது பழக்கம்க்கா. எனக்கு உசிரு" என்றாள். பிறகு எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். அவள் புருஷன் சிவப்பிரகாஷ் முத்தையாபுரத்தில் இருக்கிறான், ஹார்பரில் டிரெய்லர் ஓட்டினவன். அவன் அடித்த அடியில்தான் இடது காது போயிற்று. ஓடி வந்து எட்டு மாதமாகிறது. அவளைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்த அடி காதோடு நிற்காது என்று அவளுடைய அம்மாவிடமே போய்ச் சொல்லியிருக்கிறான். அதையும் கத்திச் சொல்லவில்லை, காப்பி குடித்துக்கொண்டே சொன்னானாம்.

"அந்நிய ஆம்பள உள்ள வராத வீடு, போன் வராத வீடு. எனக்கு இத விட்டா ஒளிய எடம் இல்லக்கா."

"கோட்டுக்கு வெளிய நில்லு. ஒனக்கு நான் பொறுப்பு" என்றாள் ருகையா.

தை மாதம் மின்ஹாவின் கல்யாணம். அதற்கு இரண்டு நாள் முன்பு லென்ஸ் வளையம் திரும்ப மறுத்தது. கடற்கரை ஊரில் இரும்பே இற்றுப்போகும்போது லென்ஸ் மட்டும் என்ன வரம் வாங்கி வந்ததா? உப்புக்காற்றும் மணலும் சேர்ந்து உள்ளே பிடித்துக்கொண்டன. சென்னைக்கு அனுப்பினால் மூன்று மாதம். ருகையா அதற்கு முன்பும் லென்ஸைத் திறந்திருக்கிறாள், துடைத்திருக்கிறாள், சொட்டு எண்ணெய் விட்டிருக்கிறாள். அந்த நம்பிக்கைதான் கெடுத்தது. பூந்துவாலையை விரித்துப் பின்வளையத்தைக் கழற்றினாள். பச்சையாகக் களிம்பு படிந்திருந்த பித்தளை விளிம்பை, மிக நைசான உப்புத்தாளால் தேய்த்தாள். பளபளவென்று வந்ததும் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தாள். அந்த இரண்டு இழுப்பு அவசியமே இல்லாதது.

மாட்டிப் பார்த்தபோது வளையம் வெண்ணெயாகத் திரும்பியது. சன்னலில் கண்ணை வைத்து மெதுவாக ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பினாள். கோடு மூன்று தடவையும் ஒழுங்காக மாறியது. ஒரு ரோல் போட்டு எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். நேரமில்லை. கண்ணால் பார்த்தாயிற்று, போதும் என்று பைக்குள் வைத்துவிட்டாள்.

மெதுவாகத் திருப்பினால் அந்த லென்ஸ் உண்மையைச் சொல்லும், அவசரமாகத் திருப்பினால் பொய் சொல்லும் என்பது அவளுக்கு அப்போது தெரியாது. கல்யாண வீட்டில் யார் மெதுவாகத் திருப்புகிறார்கள்? இருபத்தெட்டிலிருந்து ஐம்பதுக்கு அவள் விரல் சட்டென்று தாவும்போது, வளையம் முப்பத்தைந்திலேயே கிளிக் என்று நின்றுவிடும். தேய்ந்த விளிம்பில் நெம்புகோல் வழுக்கி, கோடு மட்டும் ஐம்பதுக்குப் போய்விடும். விரலுக்குக் கிளிக் கேட்டது, கண்ணுக்குச் சின்னக் கட்டம் தெரிந்தது. கண்ணாடி மட்டும் அவள் நினைத்ததைவிட அகலமாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று எடுத்ததில் ஒரு படம், மணப்பெண் மின்ஹாவின் மருதாணிக் கைகள். பித்தளைத் தாம்பாளத்தின் மேல் இரண்டு கை, அவ்வளவுதான். பின்னால் பின்கட்டுக்குப் போகும் பச்சைக் கதவு இருந்தது. அங்கே செல்லக்கனி கையில் சாரணிக் கரண்டியோடு நின்று யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். ருகையா அவளைச் சன்னலில் நன்றாகப் பார்த்தாள். கோட்டுக்கு வெளியே, வலது பக்கம், கதவோடு சேர்த்து முழுதாக வெளியே நின்றாள். அதை உறுதி செய்துகொண்ட பிறகுதான் ருகையா பொத்தானை அழுத்தினாள்.

நெகட்டிவ் வழக்கம்போல மின்ஹாவின் உம்மா கைக்குப் போனது. புதுமாப்பிள்ளை ஹுதைஃபா அதைத் தூத்துக்குடிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் செய்து வந்தான். மணப்பெண்ணின் முகம் தெரிகிற படம் எதுவும் வெளியே போகக் கூடாது என்பதில் அவன் கறாராக இருந்தான். அவள் முகம் இல்லாத படம் அந்த ஒன்றுதான். கையைத்தானே காட்டுகிறோம், இதில் என்ன வந்துவிடப்போகிறது என்று மருதாணி போட்டுவிட்ட பெண்ணுக்கு அதை அனுப்பினார்கள். அவள் தன்னுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டாள். மரியாதை தெரிந்த பிள்ளை. அடியில் ருகையாவின் பெயரையும் போன் நம்பரையும்கூடச் சேர்த்துப் போட்டிருந்தாள்.

கல்யாணம் முடிந்து ஏழாம் நாள் காலை பதினோரு மணிக்கு ருகையாவுக்கு ஒரு போன் வந்தது.

"வணக்கம்க்கா. முத்தையாபுரத்துல இருந்து பேசுதேன். அந்த மருதாணிப் படம் நீங்க எடுத்ததுதானே? வீட்ல எல்லாருமா பாத்தோம். அவ்ளோ நல்லாருக்கு."

நல்ல குரல். நிதானமான பேச்சு. முத்தையாபுரம் என்ற பெயர் காதில் விழுந்தும் மனதில் பதியவில்லை. பாராட்டை யார்தான் வேண்டாம் என்பார்கள்? ருகையா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தங்கச்சிக்கு மாசியில கல்யாணம் வச்சிருக்கோம். அந்த வீட்ல பலகாரம் சுட்டது யாருக்கா? பொம்பள ஆள்களாத்தான் வேணும்னு அம்மா சொல்லுதா."

"ஆறுமுகத்தாய்னு ஒரு அம்மா. ஆறுமுகநேரி. நல்ல கைப்பக்குவம்."

"அவுகள எங்கன போயிப் பாக்கலாம்?"

"இன்னைக்கு ஏழாம் நாள் விருந்துலா? அதே வீட்லதான் சுட்டுக்கிட்டு இருப்பாவ." தெருவின் பெயரையும், வீட்டுக்கு எதிரே வேப்பமரம் நிற்பதையும்கூடச் சொன்னாள்.

"ரொம்ப நன்றிக்கா. படத்துல பின்னால ஒரு பச்சக் கதவு தெரியுதே, அதான் பலகாரக்கட்டு போல."

"ஆமா, அதேதான்."

போனை வைத்துவிட்டு எழுந்தாள். அடுப்பில் பாலைப் பார்க்கப் போனாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. பச்சைக் கதவு அவள் கட்டத்தில் இல்லை. அதை அவள் எடுக்கவே இல்லை.

மருதாணிப் பெண்ணின் பக்கத்தைப் போனில் தேடினாள். திறந்ததும் தெரிந்தது. நடுவில் இரண்டு கை. அவற்றைச் சுற்றி அவள் கட்டத்துக்குள் விடாத இடமெல்லாம் இருந்தது. வலது பக்கம் பச்சைக் கதவு, கதவில் சாய்ந்து செல்லக்கனி. கொஞ்சம் மங்கல்தான். ஆனால் பெற்றவளுக்கும் கட்டியவனுக்கும் தெரியாமல் போகிற மங்கல் இல்லை. படத்தை நாலாயிரம் பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள்.

பையிலிருந்து கேமராவை எடுத்து வளையத்தைச் சட்டென்று திருப்பிப் பார்த்தாள். சன்னலில் ஐம்பதின் கட்டம். கேமராவைத் தலைகீழாகத் திருப்பி லென்ஸில் எண்ணைப் பார்த்தாள். முப்பத்தைந்து. "யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணிட்டேன்" என்று வாய்விட்டே சொன்னாள். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஸ்கூட்டியை எடுத்தாள்.

முத்தையாபுரத்திலிருந்து பைக்கில் வந்தால் முக்கால் மணி நேரம். போன் வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது.

பலகாரக்கட்டில் செல்லக்கனி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ருகையா விஷயத்தைச் சொன்னாள். ஒளிக்கவில்லை, தான் தேய்த்ததையும், தானே வீட்டைச் சொன்னதையும் சொன்னாள். அழுகை வந்தது. செல்லக்கனி அழவில்லை. கையிலிருந்த மாவை வழித்துச் சட்டிக்குள்ளேயே போட்டாள்.

"குரல் எப்டி இருந்துச்சிக்கா?"

"ரொம்ப மரியாதையா..."

"அப்ப அவன்தான்" என்றாள்.

காயல்பட்டினத்து வீடுகளுக்குப் பின்னால் முடுக்குகள் உண்டு. பெண்கள் மட்டும் நடக்கும் ஒடுங்கின சந்துகள். தெருவில் கால் வைக்காமலே ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்விடலாம். ஆண்கள் அதில் நுழைவதில்லை. ஆறுமுகத்தாய் செல்லக்கனியின் கையைப் பிடித்துக்கொண்டு முடுக்கில் இறங்கினாள். போகும்முன் செல்லக்கனி திரும்பி, "படத்தக் காட்டுங்கக்கா" என்றாள். பார்த்தாள். "இப்டியா சிரிச்சேன்?" என்றாள். பிறகு, "என்னைய மட்டும் அதுலருந்து அழிக்க முடியுமா?" என்று கேட்டாள்.

வெளியே போய்விட்ட படத்தை இனி யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. ருகையா முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"அவளை எங்க வைக்கிறியன்னு எங்கிட்ட சொல்லாதீய" என்று ஆறுமுகத்தாயிடம் கேட்டுக்கொண்டாள். "இந்த வாயி ஒரு தடவ சொன்னது போதும்."

அவன் வந்தபோது வாசலில் ருகையா ஒருத்திதான் நின்றாள். மற்றப் பெண்கள் உள்ளே கதவடைத்துக்கொண்டார்கள். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, இடது புருவத்தில் ஒரு தழும்பு. படியில் கால் வைக்கவில்லை. இரண்டடி தள்ளி நின்று கும்பிட்டான்.

"போன்ல பேசினது நான்தாங்க்கா. பொஞ்சாதியக் காணாம அலையுதேன். உங்க படத்துலதான் பாத்தேன்."

"அந்தப் பிள்ள போயாச்சு. மூணு நாளாச்சு."

அவன் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தான். கோபப்படவில்லை. "அடுப்புல எண்ண காயுது, பலகாரம் சுடுத சத்தத்தக் காணும்" என்றான். பிறகு, "பரவால்லக்கா. உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். ஒம்பது மாசமா நான் தேடாத எடமில்ல. நீங்க ஒரே படத்துல காட்டிட்டிய" என்றான்.

அவன் திட்டியிருந்தால் ருகையா தாங்கியிருப்பாள். அந்த நன்றியை அவளால் விழுங்க முடியவில்லை. அன்று முழுவதும் சாப்பிடவில்லை.

லென்ஸைச் சென்னைக்கு அனுப்பினாள். விளிம்பை மாற்றி, மூன்று கிளிக்கும் மூன்று கோடும் பொருந்தும்படி சரிசெய்து அனுப்பினார்கள். மருதாணிப் பெண் படத்தை எடுத்துவிட்டாள். செல்லக்கனி எங்கே என்று ருகையா கேட்கவில்லை, ஆறுமுகத்தாயும் சொல்லவில்லை. நாலு மாதம் ஓடியது. அவன் மறுபடி கூப்பிடவே இல்லை. தேடுகிறவன் தேடுவதை விட்டுவிட்டானா, இல்லை தேட வேண்டிய தேவை தீர்ந்துவிட்டதா என்று தம்மாமுக்குப் போன் போட்டுத் தமீமிடம் புலம்பினாள். "சும்மா கெட. கழுத, அவன் வேற சோலியப் பாக்கப் போயிருப்பான்" என்றார் அவர். அவருக்கும் குரலில் உறுதி இல்லை.

வைகாசியில் அவள் மறுபடியும் ஒரு கல்யாண வீட்டுக்குள் கேமராவோடு போனாள். போகக் கூடாது என்றுதான் இருந்தாள், கூப்பிட்டவர்கள் சொந்தக்காரர்கள். ஒரு மாமி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "கோட்டுக்கு வெளிய இருந்தா வரமாட்டோம்லா?"

ருகையாவுக்குப் பழைய பதில் வாயில் வரவில்லை. "கோட்ட நம்பாதீய மாமி. நான் கேமராவத் தூக்கினா மொகத்தத் திருப்பிக்கிடுங்கோ" என்றாள்.

மதியம் தொழுகைக்குப் பிறகு, மணப்பெண் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சன்னல் தெருவைப் பார்த்தது. ருகையா வளையத்தை மெதுவாகத் திருப்பி, எண்ணைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, கண்ணை வைத்தாள். கட்டத்துக்குள் பெண்ணின் முகம். இடது பக்கம், கோட்டுக்கு வெளியே, சன்னல் கம்பிகளுக்கு அப்பால் தெருமுனைச் சுவரில் ஒருவன் சாய்ந்து நின்றிருந்தான். வெள்ளைச் சட்டை. இடது புருவத்தில் தழும்பு.

அவன் வீட்டைப் பார்க்கவில்லை. தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, வேலை செய்கிற இடத்தில் ஓய்வாக நிற்பவன் மாதிரி நின்றான்.

ருகையா எழுந்து வாசலுக்கு வந்தாள். முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பன்னிரண்டு வருடத்தில் ஒருவரைக்கூட அவர் சம்மதம் இல்லாமல் அவள் எடுத்ததில்லை. ஐம்பதில் வைத்து, பத்தடி தூரத்தில் நின்று அவனை எடுத்தாள். கிளிக் சத்தத்துக்கு அவன் திரும்பினான். அவளை அடையாளம் தெரிந்தது. முகத்தை மறைப்பான் என்று நினைத்தாள். அவன் சட்டைக் காலரைச் சரிசெய்து, நேராக நின்று, சிரித்தான். அதையும் எடுத்தாள்.

உள்ளே ஓடிப் பலகாரக்கட்டில் ஆறுமுகத்தாயைப் பிடித்தாள். "அவன் வந்திருக்கான். தெருமுனையில நிக்கான், வெள்ளச் சட்ட." ஆறுமுகத்தாய் கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்க்கையில் சுவர்தான் இருந்தது. ஆள் இல்லை.

"வெள்ளச் சட்ட போட்டவன் ஊருல ஆயிரம் பேரு இருக்கான். எப்டிம்மா அடையாளம் வைக்க?" என்றாள் அவள். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்கிட்டச் சொல்லப்படாதுன்னு சொன்ன. இப்ப சொல்லாம முடியாது. செல்லக்கனி திருச்செந்தூருல ஒரு மடத்துச் சமையல்ல இருக்கா. ஆளு பத்தலன்னு நாளைக்கு அவள வரச்சொல்லிருக்கேன்."

"வேண்டாம். வரவேண்டாம்னு சொல்லுங்க."

"அங்கனயும் ஒரு வாரமா ஆரோ விசாரிக்கானாம், பயந்துகிட்டு கெடக்கா. எங்கூட இருந்தாத்தான் பத்திரம். பஸ்ஸுல வரவேண்டாம். நம்ம சாமான் வண்டி, அந்தக் குட்டியானையிலயே கூட்டிட்டு வந்துருதேன். மூணு மாசமா ஓட்டுதான், மெல்வின்னு ஒரு தம்பி. தங்கமான பய. பொம்பள ஆள்க இருக்க எடத்துல தலையத் தூக்கமாட்டான். செல்லக்கனி பேர இது வரைக்கும் அவன்ட்ட சொன்னதில்ல. திருச்செந்தூருல ஒரு ஆள ஏத்தணும்னு மட்டும் சொல்லுதேன், யாருன்னு நாளைக்கு ஏறும்போது பாத்துக்கிட்டாப் போதும்."

ருகையாவுக்கு அது சரியாகவே பட்டது. வாடகைக்கு ஆட்டோ பிடிப்பதைவிடத் தெரிந்த வண்டி மேல் என்று அவளும் சொன்னாள்.

மறுநாள் விடிகாலை பஜ்ர் தொழுததும் பின்னறைக்குள் போய் அந்த ரோலைக் கழுவினாள். இந்தத் தடவை நெகட்டிவைத் துருவித் துருவிப் பார்த்தாள். ஓரங்களையெல்லாம் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அவனை எடுத்த இரண்டு படத்திலும் சுவரும் அவனும் தவிர வேறு ஒன்றும் விழவில்லை. ஒரு பிரிண்ட் போட்டாள். எங்கெங்கே பலகாரக்கட்டு உண்டோ அங்கெல்லாம் ஒன்று ஒட்டிவைக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். எல்லாருக்கும் அவன் முகம் தெரிந்துவிட்டால் அவன் எங்கே ஒளிந்து பார்ப்பான்? தான் காட்டிக்கொடுத்ததற்குத் தானே செய்கிற பரிகாரமாக அவளுக்கு அது தோன்றியது. ஈரம் காயக்கூடக் காத்திராமல் இரண்டு காகிதத்துக்கு நடுவே பிரிண்டை வைத்து எடுத்துக்கொண்டு ஆறுமுகநேரிக்குப் போனாள்.

ஏழரை மணி. ஆறுமுகத்தாய் வீட்டு முற்றத்தில் அண்டாக்களும் சட்டிகளும் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன. அவள் புறப்படத் தயாராகத் தலையை முடிந்துகொண்டிருந்தாள்.

"பாருங்க. இவன்தான்."

ஆறுமுகத்தாய் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினாள். கைக்கெட்டும் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள்.

"என்னம்மா?"

"இவனையா சொல்லுத?"

"ஆமா. சிவப்பிரகாஷ்."

"இல்லம்மா" என்றாள் ஆறுமுகத்தாய். "இது மெல்வின் தம்பிலா."

மூன்று மாதம். அவர்கள் சட்டிகளை அவன்தான் ஏற்றினான், அவன்தான் இறக்கினான். அவர்கள் போன வீட்டுக்கெல்லாம் போய், பின்கட்டு வாசலில் தலை குனிந்து நின்று, யார் வருகிறார்கள் யார் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தான். ஆறுமுகத்தாயின் பெயரை அவனுக்குச் சொன்னது ருகையாதான்.

தெருவில் குட்டியானை வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஹாரன் ஒரே ஒரு தடவை, சின்னதாக அடித்தது.

ருகையா ஆறுமுகத்தாயின் போனைப் பிடுங்கினாள். அதிலிருந்த செல்லக்கனியின் எண்ணை அழுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, முற்றத்து மூலைக்குப் போய்க் குனிந்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்ததும், "வலது காதுல வச்சிக் கேளு" என்றாள் ருகையா. "வண்டி வந்தா ஏறாத. மடத்த விட்டு இப்பவே கெளம்பு."

வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்டது. கதவைத் தட்டாமல், படியில் கால் வைக்காமல், இரண்டடி தள்ளி நின்றே அவன் கூப்பிட்டான்.

"யக்கா, சாமான ஏத்தலாமா? திருச்செந்தூருல ஆளு காத்துக் கெடக்கும்லா."

ஆறுமுகத்தாய் படத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இந்தா வாரேன் தம்பி" என்றாள்.